பெயரின் வாரிசு

பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்டுவந்த நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் பெயர் 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மாற்றப்பட்டது. 'அஸ்ட்யூட்' வகுப்பில் ஏழாவதும் கடைசியுமான அக்கப்பலுக்கு 2018-இல் 'அஜின்கோர்ட்' என்று பெயர் குறித்திருந்தனர்; இப்பொழுது அது 'அக்கிலீஸ்'. பெயர் மாறிய நாளில் அது கட்டுமானத் தளத்தைவிட்டு இறங்கியிருக்கவில்லை. ஒரு துளிக் கடல்நீரும் அதன்மேல் பட்டிருக்கவில்லை. அஜின்கோர்ட் என்பது 1415-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற களத்தின் பெயர். ஆகவே இன்றைய நட்பு நாடாகிய பிரான்சின் மனம் கோணாதிருக்கவே இம்மாற்றம் என ஏடுகள் எழுதின. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற எண்பதாம் ஆண்டில், அப்போரில் புகழீட்டிய பெயரொன்றை மீண்டும் சூட்டுவது பொருத்தமே என்று கடற்படையார் கூறினர். காரணம் எதுவாயினும் ஆகுக. பிறவாத கப்பலொன்றுக்கு மூதாதையர் வரிசையொன்று முன்கூட்டியே வாய்த்திருந்தது என்பதும், அதனைக் கழற்றி வேறொரு வரிசையை அணிவிக்க ஓர் ஆணையே போதுமானதாயிற்று என்பதும் நம் சிந்தனையைத் தூண்டுகின்றன.

அழிந்துபோன ஒன்றன் பெயரைப் புதியதொன்றுக்குச் சூட்டும்போது கைமாறுவது யாது? இரும்பு கைமாறுவதில்லை, அது உலைக்களம் புகுந்திருக்கும், அல்லது கடலடியில் துருவேறிக் கிடக்கும். மாலுமிகளும் கைமாறுவதில்லை. புகழ் கைமாறுகிறது என்கின்றனர். அங்ஙனமாயின், புகழ் மட்டும் தனித்து வர இயலுமா? அதனோடு ஒட்டியிருந்த பிற யாவும் எங்கே தங்கிவிடுகின்றன?

அரபு இலக்கணம் பயிலத் தொடங்குவோர் முதற் பாடங்களிலேயே ஒரு பழைய வழக்கைச் சந்திப்பர். பெயரைக் குறிக்கும் 'இஸ்ம்' என்னும் சொல் எந்த வேரினின்று பிறந்தது? உயர்வு என்னும் பொருளுடைய 'ஸுமுவ்வு' என்பதிலிருந்து பிறந்தது. பெயர் தன்னை உடையதனை உயர்த்திக் காட்டுகிறது என்றனர் பஸராவின் இலக்கண அறிஞர். இல்லை, 'வஸ்ம்' என்பதிலிருந்து பிறந்தது. அஃதாவது ஒட்டகத்தின் மேல் இன்னாருடையது என்று அறியக் காய்ச்சி இடும் சூட்டுத் தழும்பு என்றனர் கூஃபாவினர். 'அஸ்மா' என்னும் பன்மையையும், 'ஸுமைய்' என்னும் சிறுமைப் பெயரையும் சான்று காட்டிப் பஸராவினர் வழக்கை வென்றனர். பெரும்பாலோர் இன்றும் அவர்கள் பக்கமே. இலக்கண நியாயம் பஸராவிடம் இருக்கலாம். வாழ்க்கையின் நியாயம் கூஃபாவிடமும் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. போர்க்கப்பல்களின் பெயர் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வெண்ணம் வலுப்பெறுகிறது.

பெயர்களை மரபுரிமையாக வழங்குவதில் ஆங்கிலேயரை விஞ்சினார் இலர். அவர்கள் கடற்படையில் போர் விருதுகள் ஒரு கப்பலின் இரும்புக்கு உரியவை அல்ல, அதன் பெயருக்கு உரியவை. இன்ன போரில் இன்ன பெயருடைய கப்பல் பொருதது என்று நிலைநாட்டப்பட்டால், அப்பெயரைத் தாங்கிப் பின்வரும் ஒவ்வொரு கப்பலும் அவ்விருதைத் தன் பலகையில் பொறித்துக்கொள்ளும். சிதறிக் கிடந்த இவ்வழக்கத்தை 1954-இல் அவர்கள் முறைப்படுத்தினர். 'வார்ஸ்பைட்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 1596-இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற மரக்கலம் ஒன்றின் பெயர் அது. 1913-இல் நீரில் இறங்கிய போர்க்கப்பல் அதே பெயருடன் ஜட்லண்டிலும், நார்விக்கிலும், மத்தாபன் முனையிலும், நார்மண்டிக் கரையிலும் போரிட்டது. இறுதியில் உடைப்பதற்காக 1947-இல் இழுத்துச் செல்லும்போது கயிறு அறுந்து கார்ன்வால் பாறைகளில் ஏறி நின்று, அங்கேயே சிறிது சிறிதாக உடைபட்டது. 1967-இல் ஒரு நீர்மூழ்கி அப்பெயரை ஏற்று 1991 வரை தாங்கியது. இனி வரவிருக்கும் அணுசக்தி நீர்மூழ்கிகளுள் ஒன்றுக்கும் அப்பெயரே குறிக்கப்பட்டிருக்கிறது. காற்றால் ஓடிய மரக்கலத்துக்கும் அணுவால் ஓடும் இரும்புக்கும் இடையே, அந்த ஒரு சொல்லைத் தவிரப் பொதுவானது ஏதும் இல்லை.

அழகிய வழக்கமே; மறுப்பாரில்லை. ஆயினும் விருதுப் பலகையில் எவை ஏறுகின்றன, எவை ஏறுவதில்லை என்பதை நோக்க வேண்டும். வென்ற போர்களும், முடிவு காணாவிடினும் நன்கு பொருத போர்களும் ஏறும். தோல்விகள் பொதுவாக ஏறா. 1941 டிசம்பர் 10-ஆம் நாள் மலாயாவின் கிழக்குக் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு 'பிஸ்மார்க்' கப்பலை எதிர்த்து நின்ற விருது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்னும் பெயருக்கு உண்டு. தன் உயிர் போன நாளுக்கு விருதில்லை.

ஒருவர் காலமாகிவிட்டால் அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் வஸிய்யத்து, எல்லாம் போக எஞ்சியதே வாரிசுகளின் பங்கு. இது நம் வீடுகளில் சிறுவரும் அறிந்த ஒழுங்கு. நிலத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள், கடன்காரரை வேறெங்கேனும் அனுப்புங்கள் என்று கேட்கும் மகனை ஊர் என்ன சொல்லும்? பெயர்களின் பாகப்பிரிவினையில் அப்படிக் கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

'அஜின்கோர்ட்' என்னும் பெயரின் கணக்கையே பார்ப்போம். அப்பெயருடைய பெரும் போர்க்கப்பல் பிறந்தபோது அதற்கு அப்பெயர் இல்லை. பிரேசில் நாட்டுக்காக நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தார் கட்டிய அது, 1913 ஜனவரியில் 'ரியோ டி ஜெனீரோ' என்ற பெயருடன் நீரில் இறங்கியது. ஏழு சுழல் கோபுரங்களில் பதினான்கு பெரும் பீரங்கிகள். அத்துணைப் பெரும் பீரங்கிகளைத் தாங்கிய போர்க்கப்பல் வேறொன்று இருந்ததில்லை. கோபுரங்களை ஞாயிறு முதல் சனி வரை கிழமைப் பெயரிட்டு மாலுமிகள் அழைத்தனராம். பிரேசிலால் தாங்க முடியாத விலை; அவ்வாண்டு டிசம்பரில் உஸ்மானியப் பேரரசு அதனை வாங்கி, 'சுல்தான் உஸ்மான்' என்று தன் முதல் சுல்தானின் பெயரைச் சூட்டிற்று. பால்கன் போரில் தோற்றுக் கருவூலம் வறண்டிருந்த காலம் அது. கடன் வாங்கினர், கடற்படைக்கென மக்களிடம் நன்கொடையும் திரட்டினர். கப்பலை ஏற்றுச் செல்ல ரவூஃப் பே தலைமையில் துருக்கி மாலுமிகள் டைன் ஆற்றுக்கே வந்து காத்திருந்தனர். விலை செலுத்தப்பட்டிருந்தது. 1914 ஆகஸ்டுத் தொடக்கத்தில், பிரிட்டன் இன்னும் போரில் இறங்காத நாளில், கடற்படை அமைச்சராயிருந்த சர்ச்சிலின் ஆணைப்படி ஆங்கிலச் சிப்பாய்கள் கப்பலில் ஏறி அதனைக் கைப்பற்றினர். 'சுல்தான் உஸ்மான்' 'அஜின்கோர்ட்' ஆயிற்று. அதனோடு காத்திருந்த 'ரஷாதிய்யா' என்பது 'எரின்' ஆயிற்று.

ஆங்கிலேயர் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுவது முறை. ஐரோப்பா தீப்பற்றிய வேளையில் அத்தகைய கப்பலைப் பகைவர் கையில் சேரவிட எந்த அரசும் துணியாது என்பர். உஸ்மானிய அரசும் ஜெர்மனியும் ஆகஸ்டு 2-ஆம் நாள் இரகசிய உடன்படிக்கை செய்தது பின்னர் வெளிப்பட்டது. கப்பலை எடுத்ததற்கு அவ்வாதம் போதும் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தைத் திருப்பாததற்கு அது போதாது. 1923-இல் லோஸான் நகரில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தின் 58-ஆம் பிரிவில், அக்கப்பல்களுக்குத் தான் செலுத்திய தொகையை இனிக் கேட்பதில்லை என்று துருக்கி எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டே கப்பல் பழைய இரும்பாக விற்கப்பட்டுவிட்டது.

இதற்கிடையே 1916-இல் 'அஜின்கோர்ட்' ஜட்லண்ட் போரில் கலந்துகொண்டு விருது பெற்றது. அவ்விருது 'அஜின்கோர்ட்' என்னும் பெயரின் சொத்து. அதைச் சுட்ட குண்டுகளும் தாங்கிய தகடுகளும் அனத்தோலியாவின் ஏழைகள் போட்ட காசு. விருது எந்தப் பெயருக்குச் சேர வேண்டும்? பெயருக்கே விருது என்னும் ஆங்கில விதியை ஏற்றால் வழக்கு முடிந்தது. பெயர் உயர்வு மட்டுமன்று, சூடும் ஆகும் என்ற கூஃபாவினரை ஏற்றால் வழக்கு முடியவில்லை. 2025-இல் அப்பெயர் ஒதுக்கப்பட்டபோது 1415-இல் தோற்ற பிரெஞ்சுக்காரரின் மனத்தைப் பற்றி ஏடுகளில் எவ்வளவோ பேச்சு அடிபட்டது. 1914-இல் ஏமாந்தவர்களைப் பற்றி நாம் கண்டவரை ஒரு வரி இல்லை. அறுநூறு ஆண்டுப் பழங்காயம் ஆறவில்லை, நூறாண்டுக் காயம் ஆறிவிட்டது போலும்!

துருக்கியரும் இதே ஆட்டத்தை ஆடினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் கப்பல்களுக்குத் தப்பி 1914 ஆகஸ்டில் தர்தனல்ஸ் நீரிணை புகுந்த 'கோபன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் ஒரு வாரத்துக்குள் 'யாவூஸ் சுல்தான் ஸலீம்' ஆயிற்று; ஜெர்மானிய மாலுமிகள் துருக்கித் தொப்பியை அணிந்துகொண்டனர். கோபன் என்பவர் பிரஷ்யத் தளபதி; அவர் பெயரைத் தாங்கிய இரும்பு உஸ்மானிய சுல்தானாக மாறி, பின் குடியரசின் கப்பலாகி, 1938-இல் அதாதுர்க்கின் உடலைச் சுமந்து சென்றது. 1970-களில் அது உடைக்கப்பட்டபின், 1987-இல் துருக்கிக் கடற்படையில் சேர்ந்த புதிய 'யாவூஸ்' கட்டப்பட்ட இடம் ஹாம்பர்க் நகரில் ப்ளோம் வோஸ் தளம். 'கோபன்' பிறந்ததும் அதே தளத்தில்தான். ஆனால் இங்கே பழைய உரியவன் மனமுவந்து கொடுத்தான். எவருடைய காசும் விழுங்கப்படவில்லை. பெயர் மாற்றம் ஒன்றேயாயினும் செயல் ஒன்றன்று.

இனிப் புதிதாய்ச் சூட்டப்பட்ட 'அக்கிலீஸ்' என்னும் பெயருக்கு வருவோம். இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. 1939 டிசம்பர் 13-ஆம் நாள் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு அப்பால் 'எக்ஸீட்டர்', 'அஜாக்ஸ்', 'அக்கிலீஸ்' என்னும் மூன்று சிறு கப்பல்கள் 'கிராஃப் ஷ்பே' என்னும் பெருங்கப்பலை எதிர்த்தன. 'அக்கிலீஸ்' கப்பலில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர், நால்வர் மாண்டனர். கிராஃப் ஷ்பே என்ற ஜெர்மானியத் தளபதி 1914 டிசம்பரில் ஃபாக்லந்துத் தீவுகளருகே தம் இரு புதல்வருடன் கடலில் மாண்டவர். அவர் பெயரைத் தாங்கிய கப்பலும் அதே தென் அட்லாண்டிக்கில், அதே டிசம்பரில், மாலுமிகளாலேயே தகர்க்கப்பட்டு முடிந்தது. இதைக் கண்டு சகுனம் பார்ப்பவர் இருக்கலாம்; நாம் பார்ப்பதில்லை. ஆனால் ஹிட்லர் பார்த்தார். அதே இனத்துக் கப்பலாகிய 'டாய்ச்லாந்து' மூழ்கினால் நாட்டின் பெயரே மூழ்கியதாகுமென்று அஞ்சி அதற்கு 'லூட்ஸோவ்' என்று வேறு பெயர் இட்டார். பெயரில் ஏதும் இல்லை என்போர், எவருக்கும் அஞ்சாத அம்மனிதர் ஒரு பெயருக்கு அஞ்சியதை எண்ணிப் பார்க்கட்டும்.

'அக்கிலீஸ்' போரில் அழியவில்லை. 1948-இல் இந்தியா அதை வாங்கியது. அது 'தில்லி' ஆயிற்று. சுதந்தர இந்தியக் கடற்படையின் தலைமைக் கப்பலாக நின்றது. 1950-இல் ஜவஹர்லால் நேரு இந்தோனேசியாவுக்கு அதில்தான் கடல்வழி சென்றார். 1956-இல் வெளிவந்த பிளேட் ஆற்றுப் போர் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தில் 'அக்கிலீஸ்' ஆக நடித்தது 'தில்லி'யே. தன் வேடத்தைத் தானே புனைந்த கப்பல்! 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியரிடமிருந்து தியூவை மீட்ட நடவடிக்கையில் அது பீரங்கி முழக்கியது. 1978-இல் ஓய்வு பெற்றது. அந்த இரும்பு 'அக்கிலீஸ்' என்று வாழ்ந்தது பதினைந்து ஆண்டு. 'தில்லி' என்று வாழ்ந்தது முப்பது ஆண்டு. 1997-இல் நம் கடற்படையில் சேர்ந்த புதிய 'தில்லி' ஒரு பாதியின் வாரிசு. பிரிட்டனின் புதிய நீர்மூழ்கி மறுபாதியின் வாரிசு. ஓர் உடலுக்கு இரு பெயர், இரு பெயருக்கு இரு வம்சம். இவ்விரு கப்பல்களும் என்றேனும் நடுக்கடலில் சந்தித்தால் உறவுமுறை சொல்லிக்கொள்ளுமா?

தமிழில் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். நம் குடும்பங்களில் பாட்டனார் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது இன்றும் உண்டு. மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூசிய மருமகள், அதே பெயருடைய தன் மகனை 'தம்பி' என்றும், 'சின்னவரே' என்றும் அழைத்துப் பெயரைச் சொல்லாமலே வளர்த்துவிடுவாள். பிள்ளை குறும்பு செய்து திட்ட வேண்டிய வேளையிலும் பெயரைச் சொல்லித் திட்டாள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேரனுக்குப் பெயர் வந்தது; ஆனால் பெயர் இன்னும் பாட்டனாருடையதாகவே இருக்கிறது. இவன் அதைச் சுமக்கிறான், உடைமையாக்கிக்கொள்ளவில்லை. பாட்டனார் எவரிடமாவது கைமாற்று வாங்கித் திருப்பாமல் போயிருந்தால், 'இன்னாருடைய பேரனல்லவா நீ' என்று வாசலில் வந்து கேட்பவருக்கு இவன் பதில் சொல்லியாக வேண்டும்.

இக்கணக்கில் நம் கடற்படையும் ஒரு பெயரால் நிறுத்துப் பார்க்கத்தக்கது. பம்பாயில் அதன் கரைத்தளம் ஒன்றுக்குக் குஞ்ஞாலி என்று பெயர். கள்ளிக்கோட்டை சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாய்ப் போர்ச்சுகீசியரை எதிர்த்து நின்ற மரைக்காயர் குடும்பத்தின் பட்டப்பெயர் அது. நான்காம் குஞ்ஞாலி 1600-இல் போர்ச்சுகீசியரின் வாளுக்குக் கோவாவில் பலியானார். அவரைப் பிடித்துக் கொடுத்ததில் அவருடைய அரசரான சாமூதிரிக்கே பங்கிருந்தது. அவர் வீரத்தைப் பெயராக நாம் ஏற்றுக்கொண்டோம். சொந்த அரசர் கைவிட்ட கதையைப் பள்ளிப் புத்தகங்களில் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். கடலில் வாழ்ந்தவரின் பெயர் ஏன் கரையில் நிற்கிறது என்று ஒரு மாணவர் நம்மைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி.

தோல்வியையும் இழப்பையும் பெயரோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட வாரிசுகள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் 'லெக்சிங்டன்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1942 மே திங்களில் பவளக் கடலில் மூழ்கி 216 பேர் இறந்தனர். அதைக் கட்டிய குவின்ஸி தளத்துத் தொழிலாளர்கள், தங்கள் கையில் அப்போது உருவாகிவந்த வேறொரு கப்பலுக்கு அப்பெயரையே இடுமாறு வேண்டினர். 1943 பிப்ரவரியில் புதிய 'லெக்சிங்டன்' படையில் சேர்ந்தது. ஒன்பது திங்களில் மறுபிறப்பு! உழைத்தவரின் பாசத்தை மதிக்கிறோம். எனினும் இத்துணை விரைவில் ஒரு பெயரை எழுப்பி நிறுத்தும்போது, எதிரிக்கு 'நாங்கள் சாகவில்லை' என்று சொல்வதற்காகச் செத்தவர்களை நாமே மறைத்துவிடும் அபாயமும் உண்டு.

நம் நாட்டுக் 'குக்ரி'யின் வரலாறு வேறு. 1971 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு தியூவுக்கு அப்பால் பாகிஸ்தானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் அக்கப்பல் மூழ்கியது. அதன் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். வெற்றி பெற்ற போரில் நேர்ந்த தோல்வி அது. அதே திங்களில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் 'காஸி' என்னும் நீர்மூழ்கி அதிலிருந்த அனைவருடனும் அழிந்தது. அங்கும் பெயரைப் புதைக்கவில்லை. போர்ச்சுகலிடமிருந்து 1975-இல் வாங்கிய நீர்மூழ்கிக்கு அப்பெயரை இட்டனர். இக்கரையிலும் அக்கரையிலும் அப்பெயர்களைக் கேட்டு நிமிரும் தலைகளைப்போல், கேட்டுக் குனியும் தலைகளும் உண்டு. ஒரு பெயர் ஒரு தாய்க்கு மாலையாகவும் இன்னொரு தாய்க்குத் தழும்பாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பஸராவும் கூஃபாவும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும்.

'குக்ரி' என்னும் பெயர் பதினெட்டு ஆண்டு காத்திருந்தது. 1989-இல்தான் மற்றொரு கப்பல் அதைத் தாங்கியது. முப்பத்திரண்டு ஆண்டு ஓடி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை உடைக்க அனுப்பவில்லை. தியூவுக்கே கொண்டு சென்று காட்சிக்கூடமாக நிறுத்த ஒப்படைத்தனர். அங்கே கரையில், மாண்ட 194 பேருக்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் 'குக்ரி' அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய பெயரன் அதற்கு அருகில், கரையோரத்தில், ஓடாமல் நிற்கிறான்.